லிபரல் என்றால் யார்? ஊருக்கு ஊர் பொருள் மாறும் ஒரு லத்தீன் சொல்

2025 ஏப்ரல் 28ஆம் தேதி கனடாவில் பொதுத்தேர்தல் நடந்தது. மார்க் கார்னி தலைமையிலான லிபரல் கட்சி வென்றது. ஐந்தே நாள் கழித்து, மே 3ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் தேர்தல். அங்கே லிபரல் கட்சிக்குப் படுதோல்வி. அதன் தலைவர் பீட்டர் டட்டன் சொந்தத் தொகுதியையே பறிகொடுத்தார். தலைப்பை மட்டும் பார்த்தவர்கள், ஒரு நாட்டில் எடுபட்ட கொள்கை இன்னொரு நாட்டில் எடுபடவில்லை என்று நினைத்திருப்பார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. இரண்டு நாட்டிலும் தோற்றது வலதுசாரிதான். கனடாவின் லிபரல் மைய-இடதுசாரிக் கட்சி; ஆஸ்திரேலியாவின் லிபரல் வலதுசாரிக் கட்சி. பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது.

குழப்பம் இந்த இரு நாடுகளோடு முடியவில்லை. அமெரிக்காவில் ஒருவரை லிபரல் என்றால், அரசு ஏழைகளுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பவர் என்று பொருள். பிரான்ஸில் அதே சொல், அரசு செலவைக் குறைத்துச் சந்தையைத் திறந்துவிடச் சொல்பவரைக் குறிக்கும். ஒரே சொல் இப்படி எதிரெதிர்ப் பொருளைச் சுமப்பதற்குக் காரணம் அகராதியில் இல்லை. ஒவ்வொரு நாடும் இதை அரசியலுக்கு இழுத்துக்கொண்ட நேரத்தில் எதிர்த்தரப்பில் நின்றவர் யார் என்பதில் இருக்கிறது.

வேர்ச்சொல்: ஒரு நெடிலும் ஒரு குறிலும்

லத்தீனில் 'லீபெர்' என்றால் சுதந்திரமானவர், அடிமை அல்லாதவர். இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு. முதலில் அவற்றைப் பிரித்துவிடலாம்.

1. லீபெர் (நெடில்): சுதந்திரமானவர். ஆங்கில 'லிபர்ட்டி', பிரெஞ்சு 'லிபெர்த்தே', ஸ்பானிய 'லிப்ரே' எல்லாம் இதன் பிள்ளைகள்.

2. லிபெர் (குறில்): முதலில் மரப்பட்டை, பிறகு புத்தகம். 'லைப்ரரி' இதிலிருந்து வந்தது. புத்தகம் படித்தால் விடுதலை என்று மேடையில் இரண்டையும் முடிச்சுப்போடுவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் வேறுவேறு சொற்கள். நமக்குப் 'பாடு', 'படு' எப்படியோ, அவர்களுக்கு இவை அப்படி.

3. லீப்ரா: தராசு, ஓர் எடை. துலா ராசியின் ஆங்கிலப் பெயரும், பவுண்டு நாணயக் குறியில் இருக்கும் அந்த வளைந்த எழுத்தும் இதன் வழி வந்தவை. சுதந்திரத்தோடு உறவில்லை.

முதல் சொல்லின் பன்மையான 'லீபெரீ' என்பதற்குக் 'குழந்தைகள்' என்றும் பொருள். ரோமானிய வீட்டில் எஜமானின் பிள்ளைகளும் அடிமைகளும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தார்கள். அடிமை அல்லாத சிறுவர்கள் 'லீபெரீ'. வீட்டுக்குள்ளேயே கோடு போட்டுப் பிரித்த சொல் இது. இன்னும் பின்னால் போனால், கிரேக்கத்தில் சுதந்திரமானவரைக் குறிக்கும் 'எலெவ்தெரோஸ்', மக்களைக் குறிக்கும் ஜெர்மன் 'லொய்ட்டெ', ரஷ்ய 'லியூதி' ஆகியவையும் இதே வேரில் வருகின்றன. நம் மக்களைச் சேர்ந்தவர், ஆகவே பிடித்துக் கட்டப்பட்ட அயலார் அல்லர், ஆகவே சுதந்திரமானவர் என்று பொருள் நகர்ந்திருக்கிறது என்பது மொழியியலாளர்கள் தரும் விளக்கம்.

ரோமில் 'லீபெராலிஸ்': கொடுக்கும் கை

'லீபெர்' என்பதிலிருந்து வந்த பெயரடை 'லீபெராலிஸ்'. சுதந்திர மனிதனுக்குத் தகுந்தது என்று பொருள். இதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன.

ஒன்று கல்வி. பிழைப்புக்காக இல்லாமல், சுதந்திர மனிதனுக்கு ஏற்றவை என்று கருதப்பட்ட படிப்புகள் 'ஆர்த்தெஸ் லீபெராலெஸ்'. அந்தப் பெயருக்கு இதுதான் காரணம் என்று ரோமானியத் தத்துவவாதி செனெகாவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இடைக்காலத்தில் இவை ஏழாக நிலைபெற்றன: இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். இன்று 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரி என்கிறோமே, அந்த லிபரலுக்கு இடதும் இல்லை, வலதும் இல்லை. அதன் மறுபக்கம் மட்டும் அவ்வளவு அழகானதல்ல. கூலிக்கு வேலை செய்பவர்களின் பிழைப்பை ரோமானியப் பேச்சாளர் சிசெரோ 'இல்லீபெராலிஸ்' என்று ஒதுக்குகிறார். வாங்கும் கூலியே அடிமைத்தனத்துக்குக் கொடுக்கும் உறுதிப்பத்திரம் என்பது அவர் வாதம். இந்த எதிர்ச்சொல் இரண்டாயிரம் ஆண்டு கழித்து வேறொரு வேலைக்குத் திரும்பி வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொரு கிளை ஈகை. சுதந்திரமானவனிடம் சொத்து இருக்கும், அதை அள்ளிக் கொடுக்கும் மனமும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தது. ரோமப் பேரரசர்களின் நாணயங்களில் 'லீபெராலித்தாஸ்' என்ற பெயரோடு ஒரு பெண் நிற்பாள். ஒரு கையில் எண்ணிக் கொடுக்கும் பலகை, மறு கையில் பழங்கள் வழியும் கொம்பு. பேரரசர் மக்களுக்குக் காசு வழங்கியதை விளம்பரப்படுத்தும் நாணயம் அது. ஆள்பவர் பணம் கொடுத்ததை அந்தப் பணத்திலேயே அச்சடித்துச் சொல்லும் கலை அப்போதே இருந்திருக்கிறது.

பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது இந்த ஈகைப் பொருள்தான் முன்னால் நின்றது. கொடுக்கும் கை கட்டற்ற கை ஆயிற்று; கட்டற்ற கை கட்டற்ற நாக்கும் ஆயிற்று. ஷேக்ஸ்பியர் காலத்தில் வாய்க்கு வந்தபடி ஆபாசம் பேசுபவனையும் 'லிபரல்' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் சொல்லின் மதிப்பு மறுபடி உயர்ந்தது: குறுகிய மனம் இல்லாதது, பெருந்தன்மையானது. 1776இல் ஆடம் ஸ்மித், சமத்துவம், சுதந்திரம், நீதி என்ற 'லிபரல் திட்டம்' என்று எழுதியபோது அந்தப் பெருந்தன்மையைத்தான் சொன்னார். அவர் கையில் அது இன்னும் பெயரடைதான். கட்சிப் பெயர் அல்ல.

1799 நவம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய நெப்போலியன் வெளியிட்ட அறிக்கையிலும் இந்தச் சொல் இருக்கிறது. பழமையைப் பேணும் கருத்துகளும், காப்பளிக்கும் கருத்துகளும், லிபரல் கருத்துகளும் தம் உரிமையை மீட்டுக்கொண்டன என்கிறது அந்த அறிக்கை. பழமைவாதமும் லிபரலும் ஒரே மூச்சில்! இரண்டும் எதிரிகள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

காதிஸ்: சொல் கட்சி ஆன இடம்

இரண்டையும் எதிரிகளாக்கிய ஊர் ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில் இருக்கும் காதிஸ் துறைமுகம்.

1810இல் ஸ்பெயினின் பெரும்பகுதி பிரெஞ்சுப் படையிடம் இருந்தது. நெப்போலியனின் அண்ணன் ஜோசப் மாட்ரிட்டில் அரசர். உண்மையான அரசர் ஏழாம் ஃபெர்டினாண்ட் பிரான்ஸில் காவலில். மூன்று பக்கம் கடல் சூழ்ந்த காதிஸ் முற்றுகைக்குள் தாக்குப்பிடித்தது. அங்கே 'கோர்த்தெஸ்' எனும் நாடாளுமன்றம் கூடியது: 1810 செப்டம்பர் 24 அன்று பக்கத்து ஊரில் ஒரு நாடக அரங்கத்தில், அடுத்த ஆண்டிலிருந்து காதிஸின் சான் ஃபெலிப்பே நேரி தேவாலயத்தில். ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள்.

அவை இரண்டாகப் பிரிந்தது. பத்திரிகைச் சுதந்திரம், எழுதப்பட்ட அரசியலமைப்பு, அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு என்று கேட்டவர்கள் தங்களை 'லிபெராலெஸ்' என்றார்கள். பழைய முறையே போதும் என்றவர்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'செர்விலெஸ்', அதாவது அடிமைப் புத்திக்காரர்கள். அந்தச் சொல்லை இரண்டாக உடைத்தால் 'செர் வில்', ஸ்பானியத்தில் 'இழிந்தவனாக இருப்பது' என்றாகும். பத்திரிகைச் சுதந்திரம் கிடைத்ததும் முதலில் அச்சேறியவற்றில் இந்த மாதிரிச் சிலேடைகளுக்குக் குறைவில்லை. சுதந்திர மனிதன் எதிர் அடிமை என்ற பழைய ரோமானிய எதிர்நிலை அப்படியே திரும்பி வந்ததைக் கவனிக்கலாம். இந்த முறை அடிமைக்கு எஜமான், அரசர்.

1812 மார்ச் 19 அன்று அரசியலமைப்பு வெளியானது. அன்று புனித சூசையப்பர் திருநாள். ஜோசே என்ற பெயரைச் செல்லமாக 'பெப்பே' என்பார்கள், ஆகவே மக்கள் அந்தச் சட்டத்துக்கு 'லா பெப்பா' என்று பேர் வைத்தார்கள். இறையாண்மை அரசரிடம் இல்லை, தேசத்திடம் இருக்கிறது என்று அது சொன்னது. அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு, ஸ்பெயினின் மதம் என்றென்றும் கத்தோலிக்கமே, வேறு மத வழிபாட்டுக்குத் தடை என்றும் சொன்னது. உலகின் முதல் லிபரல்களுக்கு மதச் சுதந்திரம் பட்டியலில் இல்லை. இன்றைய அளவுகோலை அன்றைக்குக் கொண்டுபோகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

1814இல் திரும்பி வந்த ஃபெர்டினாண்ட் எல்லாவற்றையும் ரத்து செய்தார். 1820இல் ராணுவக் கிளர்ச்சி ஒன்று அந்தச் சட்டத்தை மீட்டது. 1823இல் பிரெஞ்சுப் படை நுழைந்து மறுபடி கவிழ்த்தது. தப்பியவர்களில் பலர் லண்டனில் சோமர்ஸ் டவுன் பகுதியில் குடியேறினார்கள்.

அவர்களுக்கு முன்பே சொல் லண்டனுக்குப் போய்விட்டது, வசையாக. இங்கிலாந்தின் சீர்திருத்தக்காரர்களை மட்டம் தட்ட, பழமைவாதத் தரப்பான டோரி எழுத்தாளர்கள் வேண்டுமென்றே 'லிபெராலெஸ்' என்று ஸ்பானிய வடிவத்திலேயே எழுதினார்கள். கலகக்காரர்களின் அந்நியச் சரக்கு இது என்று காட்டுவதற்காக. வசையை வாங்கியவர்கள் அதையே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள். 1859 ஜூன் 6 அன்று லண்டனின் வில்லிஸ் ரூம்ஸில் விக் கட்சியினரும், முன்னாள் பிரதமர் பீலின் ஆதரவாளர்களும், தீவிரச் சீர்திருத்தக்காரர்களும் கூடிச் சேர்ந்ததைத்தான் பிரிட்டிஷ் லிபரல் கட்சியின் பிறப்பாகச் சொல்கிறார்கள்.

பிரிட்டனில் ஒரு திருப்பம், அமெரிக்காவில் இன்னொன்று

19ஆம் நூற்றாண்டின் லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் கால லிபரலுக்குச் சுதந்திரம் என்றால் அரசு கையை எடுப்பது: சுங்கவரி குறைய வேண்டும், செலவு சுருங்க வேண்டும். ஆனால் தொழிற்சாலை நகரங்களில் ஒரு கேள்வி எழுந்தது. பசியோடு இருப்பவனுக்கும், நோயில் கிடப்பவனுக்கும் அரசு தலையிடாமல் இருப்பதால் என்ன சுதந்திரம்? அதே கட்சி 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. 1909இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் செல்வந்தர்கள்மீது வரியை உயர்த்தி பட்ஜெட் போட்டார். 1911இல் தேசியக் காப்பீடு. ஒரே கட்சி, ஒரே பெயர். எதிரி மட்டும் அரசிடமிருந்து வறுமைக்கு மாறிவிட்டான்.

இந்தப் புதுப் பொருளை அமெரிக்காவுக்கே உரியதாக்கியவர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட். பெருமந்தத்தின் நடுவே, 1930களில், வேலைத் திட்டங்களையும் 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் அவர் லிபரலிசம் என்ற பெயரில் முன்வைத்தார். அவரிடம் தோற்ற ஹெர்பர்ட் ஹூவர், உண்மையான லிபரல் தான்தான் என்று கடைசிவரை வாதாடினார். வாதத்தில் யார் சரி என்பது வேறு. வாக்காளர்கள் ரூஸ்வெல்டை நான்கு முறை தேர்ந்தெடுத்ததில் சொல் அவர் பக்கம் போய்விட்டது. பழைய பொருளில் நின்றவர்கள் பிற்பாடு 'லிபர்ட்டேரியன்' என்று வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. 1988 தேர்தலில் மூத்த புஷ், தன் எதிராளி டுக்காக்கிஸை லிபரல் என்று சொல்லிச் சொல்லியே அடித்தார்; 'எல் எழுத்துச் சொல்' என்று நாகரிகமாகக் குறிப்பிடும் அளவுக்கு அது கெட்ட வார்த்தை ஆனது.

ஐரோப்பாவில் பழைய பொருளே நிலைத்தது

ஐரோப்பியக் கண்டத்தில் இந்தத் திருப்பம் நடக்கவில்லை. ஏழைகளுக்காக அரசு வர வேண்டும் என்ற இடத்தை அங்கே சோஷலிசக் கட்சிகள் எடுத்துக்கொண்டன. லிபரலுக்கு மிஞ்சியது தனிச்சொத்தும் சந்தையும் தனிமனித உரிமையும்.

பிரான்ஸ்: 2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு மக்கள் சுமார் 55 சதவீத வாக்கில் நிராகரித்தார்கள். அந்த வரைவு 'மிகவும் லிபெரால்' என்பது இடதுசாரிகளின் முக்கியக் குற்றச்சாட்டு. முதலாளிகளுக்குச் சாதகம் என்று அர்த்தம். அமெரிக்க வாசகர் இதைப் படித்தால் பிரெஞ்சு இடதுசாரிகளுக்கு என்ன ஆயிற்று என்று திகைப்பார். பிரெஞ்சு ஊர்களில் வீட்டுக் கதவோரம் 'அன்ஃபிர்மியேர் லிபெரால்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருப்பதும் உண்டு. அந்த நர்ஸின் அரசியல் அல்ல அது. மருத்துவமனைச் சம்பளத்தில் இல்லாமல் சொந்தப் பொறுப்பில் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று பொருள். கூலிக்காரன் வேறு, சுதந்திர மனிதன் வேறு என்ற சிசெரோவின் பிரிவினை அந்தப் பலகையில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இத்தாலி: இங்கே சொல்லையே இரண்டாக்கிவிட்டார்கள். அரசியல் சுதந்திரக் கொள்கை 'லிபெராலிஸ்மோ'. தடையற்ற வணிகம் மட்டும் 'லிபெரிஸ்மோ'. ஒன்றில்லாமல் மற்றது வாழுமா என்று தத்துவ அறிஞர் குரோச்சேயும், பின்னாளில் குடியரசுத் தலைவரான பொருளியலாளர் ஐனாவுடியும் நீண்ட விவாதம் நடத்தினார்கள். மற்ற மொழிகளும் இந்த வசதியைச் செய்துகொண்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா: ஜெர்மன் மொழிக்காரர்களிடம் கடன் வாங்கிய 'லிபெரால்' உண்டு, சொந்தச் சொல்லான 'ஃப்ரைஹைட்லிஷ்' என்பதும் உண்டு. முதலாவதன் முகவரி ஜெர்மனியின் எஃப்டிபி. வரிக் குறைப்பும் கடன் கட்டுப்பாடும் பேசும் கட்சி, 2025 பிப்ரவரி தேர்தலில் 5 சதவீத வரம்பைத் தாண்டாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நிற்கிறது. இரண்டாவதன் முகவரி ஆஸ்திரியாவின் எஃப்பிஓ. பெயரில் சுதந்திரம் இருந்தாலும் குடியேற்ற எதிர்ப்பே இன்று அதன் அடையாளம். 1993 வரை இதுவும் உலக லிபரல் கட்சிகளின் கூட்டமைப்பில் உறுப்பினர்தான்.

டென்மார்க்: 'வென்ஸ்த்ர' கட்சியின் பெயருக்கு 'இடது' என்று பொருள்; முழுப்பெயரில் 'டென்மார்க்கின் லிபரல் கட்சி' என்று வேறு இருக்கிறது. கட்சி இருப்பது மைய-வலதில். 19ஆம் நூற்றாண்டில் அரச ஆதரவாளர்களுக்கு இடப்பக்கம் நின்ற கட்சி அது. பிறகு அதற்கும் இடப்பக்கத்தில் சோஷலிஸ்டுகள் வந்தார்கள்.

ஆஸ்திரேலியாவும் கனடாவும்

இரண்டும் பிரிட்டனிடமிருந்து எடுத்த பெயர்தான். கனடாவில் 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்கள் வழி வந்த கட்சிக்கு எதிரே என்றும் பழமைவாதக் கட்சி நின்றது. அதனால் லிபரல் இடப்பக்கம் நகர இடம் இருந்தது. 1960களில் பொது மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது அந்தக் கட்சியின் பியர்சன் அரசு. ஆஸ்திரேலியாவில் 1944இல் ராபர்ட் மென்சீஸ் லிபரல் கட்சியை அமைத்தபோது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. அந்த அரசு 1947இல் வங்கிகளைத் தேசியமயமாக்கக் கிளம்பியது. உயர் நீதிமன்றம் தடுத்தது. 1949 தேர்தலில் மென்சீஸ் வென்றார். சோஷலிசத்திடமிருந்து சுதந்திரம் என்பதே அங்கே சொல்லுக்கு ஏறிய பொருள். கொள்கையளவில் லிபரலாக இருப்பவரைக் கட்சிக்காரரிடமிருந்து பிரித்துக் காட்ட, 'சின்ன எல் லிபரல்' என்று ஒரு தனி வழக்கே ஆஸ்திரேலியர்களுக்குத் தேவைப்படுகிறது.

சிசெரோவின் எதிர்ச்சொல் திரும்பி வருகிறது

2014 ஜூலையில் ருமேனியாவின் துஷ்னாத் ஊரில் பேசிய ஹங்கேரிப் பிரதமர் விக்தோர் ஓர்பான், தாங்கள் கட்டுவது ஓர் 'இல்லிபரல்' அரசு என்று அறிவித்தார். தேர்தல் உண்டு, பெரும்பான்மை உண்டு. ஆனால் அந்தப் பெரும்பான்மைக்குக் கடிவாளம் போடும் நீதிமன்றம், ஊடகம், தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றின் வேகம் குறைக்கப்படும் என்பதே நடைமுறையில் அதன் பொருள். இந்தப் பயன்பாட்டைப் பரப்பியவர் பத்திரிகையாளர் ஃபரீத் ஜக்காரியா. 1997 கட்டுரையில் அவர் அதை எச்சரிக்கையாகச் சொன்னார், ஓர்பான் பெருமையாக எடுத்துக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கை: ஓர்பானின் ஃபிடெஸ் கட்சியே 2000 வரை உலக லிபரல் கூட்டமைப்பில் இருந்தது.

தமிழில் எப்படிப் படிப்பது

தமிழில் 'தாராளவாதம்', 'தாராளமயம்' என்று எழுதுகிறோம். கொடுக்கும் கை என்ற ரோமானியப் பொருளுக்கு இது கச்சிதம். அரசியல் பொருளுக்கு அவ்வளவு பொருந்தாது. 1991 ஜூலையில் இந்தியப் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய பிறகு செய்தித்தாள்கள் வழியே 'தாராளமயம்' வேரூன்றியதால், நம் வாசகருக்கு அந்தச் சொல் பிரெஞ்சுக்காரர் காதில் விழும் பொருளிலேயே விழுகிறது. இந்த வகை லிபரல் அரசியலைத் தமிழ்நாட்டில் கட்சியாகவே நடத்தியவர் ராஜாஜி. லைசென்ஸ்-பர்மிட் ஆட்சியை எதிர்த்து 1959இல் தொடங்கிய அந்தக் கட்சிக்கு அவர் வைத்த பெயர் சுதந்திரா.

செய்தியில் லிபரல் என்று வந்தால் இந்த வரிசையில் பார்க்கலாம்.

1. கட்சியின் பெயரா, கொள்கையின் பெயரா? கட்சி என்றால் 'லிபரல் கட்சி' என்றே விட்டுவிடுவது நல்லது. மொழிபெயர்த்தால் ஆஸ்திரேலிய வலதுசாரி தமிழில் முற்போக்காளர் ஆகிவிடுவார். பெயரை நம்பவும் கூடாது: ரஷ்யாவில் ஷிரினோவ்ஸ்கி நடத்திய 'லிபரல் ஜனநாயகக் கட்சி' கடும் தேசியவாதக் கட்சி.

2. சொல்பவர் எந்த ஊர்க்காரர்? அமெரிக்கர் என்றால் இடப்பக்கம், ஐரோப்பியர் என்றால் பெரும்பாலும் சந்தைப் பக்கம்.

3. எதிரே நிறுத்தப்படுவது எது? 'பழமைவாதி' என்றால் கருக்கலைப்பு, ஒருபால் திருமணம் போன்ற சமூக விஷயம். 'சோஷலிஸ்ட்' என்றால் வரி, தனியார்மயம். 'சர்வாதிகாரம்' என்றால் நீதிமன்றமும் பத்திரிகையும்.

4. 'நியோலிபரல்' என்று வந்தால் இரண்டாவது விதி தேவையில்லை. அமெரிக்கர் சொன்னாலும் பிரெஞ்சுக்காரர் சொன்னாலும் அது சந்தைப் பக்கமே. 1938இல் பாரிஸில் கூடிய பொருளியல் அறிஞர்கள் தங்கள் கொள்கைக்குத் தாங்களே பேசி எடுத்துக்கொண்ட பெயர் அது. இன்று அதைப் பெரும்பாலும் எதிரிகள்தான் சொல்கிறார்கள்.